மழை பெய்யும் படச்சுருள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



சில மாதங்களுக்கு முன் கனடாவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். மருமகன் என்றால் தங்கையின் மகன். நெடுந்தீவில் பிறந்து, ஆறு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கடல் கடந்தவன். "மாமா, ஒரு சாமான் வாங்கியிருக்கிறன். கேட்டால் நீங்கள் பேசுவியள்" என்று தொடங்கினான். கார் வாங்கிவிட்டானாக்கும் என்று நினைத்தேன். அவன் வாங்கியது ஒரு பழைய படச்சுருள். முழுப்படமும் அல்ல, ஒரேயொரு றீல். தலைப்பு இல்லை, தொடக்கம் இல்லை, முடிவும் இல்லை. ஏதோ ஒரு தமிழ்ப் படத்தின் நடுப்பாகம். கொழும்பில் யாரோ ஒருவர் பழைய சாமான்களோடு இணையத்தில் ஏலத்துக்குப் போட்டிருக்கிறார். இவனோடு இன்னும் இரண்டு பேர் போட்டி போட்டிருக்கிறார்கள். விலை ஏறியிருக்கிறது.

விலையைக் கேட்டேன். சொன்னான். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இரண்டாம் தடவையும் கேட்டேன். அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் ஒரு கறவை மாட்டையும் கன்றையும் வாங்கலாம். சுருளாவது நல்ல நிலையில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. முழுதும் கீறல். பத்து இடத்தில் ஒட்டு. பெட்டியைத் திறந்தால் வினாகிரி மணக்கிறதாம்.

பேசத்தான் வாய் உன்னியது. ஆனால் கீறல் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் தீவில் படம் பார்ப்பது லேசான காரியமல்ல. யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போனால் வெலிங்டன், ராஜா, மனோகரா என்று தியேட்டர்கள் இருந்தன. போவதற்கு லோஞ்சும் பஸ்ஸும் மாற வேண்டும். திரும்புவதற்குக் காற்றும் கடலும் மனம் வைக்க வேண்டும். ஆகையால் படம்தான் எங்களிடம் வந்தது, அபூர்வமாக. ஒருமுறை பள்ளிக்கூட வெளியில் வெள்ளைச் சீலை கட்டி, ஜெனரேட்டர் பூட்டி, 'நாடோடி மன்னன்' காட்டினார்கள். 1958 இல் வந்த படம் எங்கள் தீவைத் தொட்டபோது அதற்குக் கிழப்பருவம். சோளகக் காற்றுக்குச் சீலை பாயைப்போல ஊதியது. எம்.ஜி.ஆரின் கன்னம் பெருத்துச் சுருங்கியது. படத்தில் எந்நேரமும் மழை பெய்துகொண்டிருந்தது. அரண்மனைக்குள்ளும் மழை, கட்டிலுக்கு மேலும் மழை. பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருத்தி, "இந்தப் பிள்ளையளுக்குத் தடிமன் பிடிக்கப்போகுது" என்று மெய்யாகவே கவலைப்பட்டாள்.

இடைவேளையில் மெசின்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்: "அது மழையில்லைத் தம்பி. கோடு. ஒவ்வொரு ஊரிலையும் ஓடி ஓடி விழுந்த கோடு. எத்தினை ஊர் சுத்தினதோ, அத்தினை கோடு."

அந்த நாட்களில் எங்களுக்குள்ளும் ஓர் ஏலம் நடந்தது. பட்டினத்திலிருந்து வரும் அம்மான் ஒருவர் தியேட்டரில் அறுந்து வெட்டியெறிந்த படத்துண்டுகளைப் பொறுக்கிவந்து தருவார். பியூஸ் போன மின்குமிழுக்குள் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டால் இருட்டறைச் சுவரில் படம் விழும். கரையிலே மீன் கூறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா, அதே மாதிரித் துண்டுகளையும் கூறி விற்றோம். எம்.ஜி.ஆர். துண்டு என்றால் நாலு போளை. சிவாஜி என்றால் மூன்று அல்லது ஐந்து, கேட்கிறவன் வீட்டைப் பொறுத்தது. யாரென்றே தெரியாத துண்டுக்கு ஒரு போளைகூடக் கிடையாது. ஆள் யார் என்பதற்குத்தான் விலை; கீறல் இருக்கிறதா இல்லையா என்று எவனும் பார்க்கவில்லை.

பெரியவர்களின் ஏலமும் அப்படித்தான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

நேயர்களே, ஒரு படப்பிரதியின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப்பாருங்கள். புதிதாக அச்சாகி வருகிறபோது அது பெருந்தொகை பெறுமதியான பண்டம். பெரிய நகரத்தில் ஓடி, சிறிய நகரத்தில் ஓடி, கடைசியில் கீற்றுக்கொட்டகையிலும் பள்ளிக்கூட வெளியிலும் ஓடித் தேய்கிறது. இனி ஓட்ட முடியாது என்றானதும் அதன் விலை நிறைக்கு வந்துவிடுகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி இருக்கிறது. அதை உருக்கி எடுத்தார்கள். மிஞ்சும் செலுலோயிட்டில் வளையல் செய்தார்கள். தகரப்பெட்டியில் அரிசி போட்டு வைத்தார்கள். 1931 இல் வந்த இந்தியாவின் முதற் பேசும்படம் 'ஆலம் ஆரா' இன்று எங்குமே இல்லை. பூனாவில் தேசிய திரைப்பட ஆவணக்காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி. கே. நாயர் அதைத் தேடிப் போனபோது, எஞ்சியிருந்த சுருள்களும் வெள்ளிக்காகக் கொடுக்கப்பட்டுவிட்டன என்றுதான் அறிய முடிந்தது. அதே ஆண்டில் வந்த நமது 'காளிதாஸ்' படத்துக்கும் பிரதி இல்லை. பாட்டுப் புத்தகமும் பத்திரிகைக் குறிப்பும்தான்.

நிறைக்கு விற்கும் விலை ஒரு கரை. ஏலத்தில் போகும் விலை மறு கரை. இரண்டுக்கும் நடுவில் முப்பது, நாற்பது, ஐம்பது வருஷக் கடல் கிடக்கிறது. அந்தக் காலம் முழுதும் பிரதிக்கு விலையே இல்லை. தயாரிப்பாளருக்கு அது தொல்லை. தியேட்டர்காரருக்கு இடத்தை அடைக்கும் பெட்டி. அந்தக் காலத்தைத் தாண்டி ஒரு பிரதி வந்ததென்றால் பெரும்பாலும் யாரோ ஒரு கிறுக்கன் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தான் என்றே அர்த்தம். அந்தக் கிறுக்கனுக்கு மரியாதையும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1974 டிசம்பரில் நடிகர் ரொடி மக்டோவல் வீட்டில் மத்திய புலனாய்வுத்துறை புகுந்து அவர் சேர்த்து வைத்திருந்த படப்பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. படக்கொம்பனிகள் பார்வையில் பிரதி வைத்திருப்பவன் கள்ளன்.

இன்று அதே மாதிரிப் பிரதிகளுக்குச் சேகரிப்பாளர்கள் அடிபடுகிறார்கள். காரணங்களும் உண்டு. 1950களுக்குப் பிறகு வந்த சாதாரண வர்ணப் பிரதிகள் காலப்போக்கில் நீலமும் பச்சையும் இழந்து பீற்றூட் நிறமாகிவிடும். ரெக்னிக்கலர் கொம்பனியார் மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து எடுத்த பிரதிகளோ வெளிறுவதில்லை. அந்த முறையை எழுபதுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இருப்பவை இருப்பவைதாம். இன்னொரு காரணம் இலக்கியக்காரருக்கு நன்றாக விளங்கும்: மூலபாடம். 'ஸ்டார் வோர்ஸ்' படத்தை 1997 இல் அதன் இயக்குநரே திருத்தி, புதுக் காட்சிகள் சேர்த்து வெளியிட்டார். பின்னர் பழைய பாடத்தைத் தியேட்டரில் காண்பதே அரிதாயிற்று. 1977 இல் சனங்கள் பார்த்தது எது என்று அறிய வேண்டுமானால் அந்த ஆண்டுப் பிரதியொன்று வேண்டும். 2025 ஜூனில் லண்டனில் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் அப்படியான ஒரு பழைய பிரதியைத் திரையில் ஓட்டிக் காட்டியபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைச் செய்தியாக்கின. ஏட்டுச்சுவடியில் பாடபேதம் பார்த்த சாமிநாதையர் இருந்திருந்தால் இதில் வியப்படைந்திருக்க மாட்டார்.

ஆனால் ஏலக்காரர் கணக்கு எப்போதும் சரியாக வருவதில்லை. 2009 இல் இங்கிலாந்தில் ஒருவர் இணைய ஏலத்தில் பழைய தகரப்பெட்டி ஒன்றை 3 பவுண் 20 பென்சுக்கு வாங்கினார். பெட்டியின் அழகுக்காகத்தான். உள்ளே ஒரு சுருள் இருந்தது. 'செப்ட்' என்ற பெயரில், சார்லி சப்ளினை வைத்து முதலாம் உலக யுத்த காலத்தில் ஒட்டித் தைத்த ஏழு நிமிடத் துண்டுப்படம். உலகில் அப்போது வேறு பிரதி தெரியாது. ஆறிலக்கத் தொகைக்குப் போகும் என்று பேசினார்கள். 2011 ஜூனில் லண்டனில் பொன்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. குறித்த தொகையை எவரும் எட்டவில்லை. விலைபோகாமல் திரும்பிப் போயிற்று.

இதைவிட எனக்கு விசித்திரமாகப் பட்டது 'லண்டன் ஆப்டர் மிட்நைற்' என்ற 1927 ஆம் ஆண்டுப் படத்தின் கதை. கடைசிப் பிரதி 1965 இல் ஸ்டூடியோக் களஞ்சியத் தீயில் போய்விட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. அந்தப் படத்தின் சுவரொட்டி ஒன்று 2014 இல் 4 லட்சத்து 78 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. படம் இல்லை, படம் வருகிறது என்று ஒட்டிய கடதாசிக்கு அந்த விலை. பந்தலும் மாப்பிள்ளையும் இல்லாமல் கலியாணக் காகிதத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குவதுபோல.

இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், இரண்டு ஊர்களின் கதையை அறியாதிருந்தால்.

ஒன்று ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் ஐரிஸ். ஜேர்மனியில் பிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' 1927 இல் வெளியானதும் அதை வெட்டிக் குறுக்கினார்கள். வெட்டிய பகுதிகள் தொலைந்தன. எண்பது வருஷங்களாக உலகம் பார்த்தது குறைப்படம். வெட்டுவதற்கு முன் ஒரு பிரதி தென்னமெரிக்காவுக்குப் போயிருந்தது. ஓடி ஓடித் தேய்ந்த அதை ஒரு சினிமா விமர்சகர் தம்மிடம் வைத்துக்கொண்டார். அது கைமாறி, பின்னர் அதிலிருந்து சிறிய 16 மில்லிமீற்றர் பிரதி ஒன்றை எடுத்தார்கள். எடுத்தபோது கீறலும் எண்ணெய்க் கறையும் சேர்ந்தே பதிந்துவிட்டன. 2008 இல் அந்த நகரத்துச் சினிமா நூதனசாலையில் அந்தப் பிரதி கண்டுபிடிக்கப்பட்டது. 2010 இல் பேர்ளினில் ஏறக்குறைய முழுப்படத்தையும் காட்டினார்கள். மீட்கப்பட்ட சுமார் 25 நிமிடங்கள் வந்தபோதெல்லாம் திரையில் மழைதான். கணினியாலும் அதை முழுதாகத் துடைக்க முடியவில்லை. நானும் அதைப் பார்த்திருக்கிறேன். மழை தொடங்கியதும் நெஞ்சு நிமிர்கிறது: இதோ, இது காணாமற் போயிருந்தது.

மற்ற ஊர் கனடாவின் வடகோடியில் உள்ள டோசன் சிட்டி. பொன் தோண்டிய காலத்து ஊர். படங்கள் அங்கே வந்து சேரும்போது இரண்டு மூன்று வயதாகிவிடும். அதற்கப்பால் ஊர் இல்லை. திருப்பி அனுப்பக் கூலி கட்டாது என்று விநியோகஸ்தர்கள் அங்கேயே விட்டுவிட்டார்கள். ஆற்றில் கொட்டினார்கள், எரித்தார்கள். மிஞ்சியதை 1929 அளவில் ஒரு பழைய நீச்சல் தடாகத்தைத் தூர்ப்பதற்குப் போட்டு மூடினார்கள். 1978 இல் நிலத்தைக் கிண்டியபோது 533 சுருள்கள் உறைமண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. வேறெங்கும் இல்லாத மௌனப்படங்கள் பல அவற்றில் இருந்தன.

அதற்கப்பால் ஊர் இல்லை என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு எங்கள் துறைமுகம்தான் கண்ணில் தெரிந்தது. நெடுந்தீவுக்கு மேற்கே தியேட்டர் ஏது? ஓர் ஊர் வரிசையின் கடைசியில் இருப்பதால் அங்கே பண்டம் பழசாகத்தான் வரும். ஆனால் அங்கேயே தங்கிவிடவும் கூடும். என்ன, எங்கள் மண்ணில் பனி இல்லை. உப்பும் வெக்கையும்தான். படச்சுருளுக்கு இவை இரண்டும் நஞ்சு.

இனி எங்கள் படங்களுக்கு வருகிறேன். 1962 இல் 16 மில்லிமீற்றரில் எடுத்த 'சமுதாயம்', அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி' என்று தொடங்கி, 1983 வரையில் இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய முப்பது. எல்லாம் பெரிய கலைப்படைப்புகள் என்று நான் சாதிக்கப்போவதில்லை. சிலவற்றைப் பொறுமையோடுதான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் எங்கள் பேச்சும் எங்கள் வேலியும் எங்கள் கிணற்றடியும் அவற்றில்தான் முதன்முதலாகத் திரைக்கு வந்தன.

அவற்றுள் ஒன்று எங்கள் தீவின் கதை. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல். வாடை பெயரும் பருவத்தில் வெளியூர்ச் சம்மாட்டிமார் நெடுந்தீவுக் கரையில் வந்து வாடியடித்துத் தொழில் செய்வதும், அதனால் கரையில் மூளும் பகையும் காதலும்தான் கதை. 1978 இல் பிரேம்நாத் மொறாயஸ் அதைப் படமாக்கினார். கே. எஸ். பாலச்சந்திரன், ஏ. ஈ. மனோகரன், இந்திரகுமார், சந்திரகலா, ஆனந்தராணி ஆகியோர் நடித்தார்கள். படம் பிடித்தது பேசாலையில். எங்கள் கரைக்குப் பேசாலைக் கரை வேஷம் கட்டியது. ஊரில் சிலருக்கு அது மனக்குறை. எனக்கு அப்படியில்லை. கடற்கரைச் சனங்கள் ஒருவருக்கொருவர் வேஷம் கட்டலாம். மண் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான்.

இன்றைக்கு அந்த நாவலை வாசிக்க விரும்பும் பிள்ளை தேடினால் புத்தகம் கிடைக்கும். நூலகம் இணையத்தளம் எங்கள் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைத்திருக்கிறது. படத்தை அப்படிக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அச்சில் வந்த புத்தகம் ஆயிரம் வீடுகளுக்குப் போகிறது. ஆயிரத்தில் ஒன்று தப்பும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்த பிறகும், அவற்றுட் பலவற்றின் உடன்பிறப்புகள் வேறு வீட்டு அலுமாரிகளில் இருந்தன. உள்ளூர்ப் படத்துக்கோ சில பிரதிகள்தாம். அவை வீடுகளுக்குப் போவதில்லை. எல்லாம் விநியோகஸ்தரின் களஞ்சியத்திலும் ஸ்டூடியோவிலும் ஒன்றாகக் கிடக்கும். 1983 ஜூலையில் ஹெந்தளையில் குணரத்தினம் அவர்களின் விஜயா ஸ்டூடியோவுக்குத் தீ வைத்தார்கள். அங்கே இருந்த மூலச்சுருள்கள் எரிந்தன. அவற்றில் சிங்களப் படங்களும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். வைத்தவர்கள் கொளுத்தியது தங்கள் அம்மாமார் பார்த்து அழுத படங்களையுந்தான்.

விலை மதிப்பற்ற நடுக்காலம் என்று சொன்னேனே, அந்தக் காலத்தில் எங்கள் படங்களுக்கு வாய்த்தது யுத்தம். கட்டிலுக்குக் கீழே பெட்டி வைத்திருந்த கிறுக்கன் ஒருவன் இருந்திருந்தாலும், ஒரு பையோடு ஓடுகிறவன் பிள்ளையைத் தூக்குவானா, இருபது கிலோத் தகரப்பெட்டியைத் தூக்குவானா? எங்களிடம் மிஞ்சியது பெரும்பாலும் எழுத்தில் மிஞ்சியது. அயல்தீவான புங்குடுதீவைச் சேர்ந்த தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற நூலில் ஒவ்வொரு படத்துக்கும் யார் நடித்தார், எங்கே எடுத்தார்கள் என்று தேடித்தேடி எழுதி வைத்தார். தமிழ்நாட்டில் பிலிம் நியூஸ் ஆனந்தன் செய்த வேலையும் இதுவே. ஆயிரக்கணக்கில் புகைப்படங்களையும் குறிப்புகளையும் வீடு நிறையச் சேர்த்தார். இவர்கள் சேர்த்தபோது அவற்றுக்கு ஏலமும் இல்லை, விலையும் இல்லை.

அதனால்தான் மருமகனைப் பேச வந்த வாய் மூடிக்கொண்டது. ஏலத்தில் விலை ஏறுவதைக் கேட்டு இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு பயம் வருகிறது. சப்ளினுக்கும் 'ஸ்டார் வோர்ஸ்'ஸுக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் போளை ஏலத்தில் முகம் தெரியாத துண்டுக்கு என்ன நடந்ததோ அதுதான், தலைப்பில்லாத ஒரு தமிழ்ச் சுருளுக்கும் நடக்கும். இந்தத் தடவை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதினம். மற்ற இரண்டு பேரும் யாரென்று அறிய ஆசையாக இருக்கிறது.

மருமகன் சுருளை ஒரு வெள்ளை விளக்குப் பலகைமேல் விரித்துவைத்து, கைத்தொலைபேசியில் எனக்குக் காட்டினான். சட்டம் சட்டமாக நகர்த்தினான். சிவந்துபோன ஒரு வீட்டுக் கூடம். சேலைத்தலைப்பைக் கடித்துக்கொண்டு ஒரு பெண். கதவடியில் ஓர் ஆள், முகம் நிழலில். "ஆரெண்டு தெரியுதா மாமா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். எனக்குத் தெரியவில்லை. இந்தியப் படமா எங்கள் படமா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"தொடக்கத்துக்குப் போ" என்றேன். சுருளின் தலைப்பில் படம் இல்லாத வெறும் பகுதி ஒரு முழம் இருக்கும். தேய்ந்து கறுத்து, ஓரம் கிழிந்து இருந்தது. மெசின்காரர்கள் அடையாளத்துக்கு ஆணியால் கீறி வைக்கும் இடம் அது. 9 என்ற இலக்கம் தெளிவாக இருந்தது. அதன் கீழே தமிழில் ஏதோ எழுத்து. முதலெழுத்து 'யா' போல இருந்தது. இரண்டாவது எழுத்தின் மேல் ஒட்டு விழுந்திருந்தது.

"அந்தத் துண்டு பழுது மாமா. கழுவி எடுக்கிற ஆள் அதை வெட்டிப்போட்டுத் துப்புரவாக்கித் தாறன் எண்டு சொல்லுறார். வெட்டச் சொல்லட்டோ?"

"வெட்ட வேண்டாம்" என்றேன். "ஒட்டை மட்டும் மெதுவாக உரிக்கச் சொல்லு. அடுத்த எழுத்து என்னவெண்டு பார்க்க வேணும்."